மென்ட்டரிடம் என்ன பேசுவது?

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, “உங்கள் கம்பெனியில் மென்ட்டர்ஷிப் திட்டம் இருந்தால் பெயர் கொடுத்துவிடுங்கள்” என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அனுபவசாலி ஒருவர் (மென்ட்டர்) இளையவர் ஒருவருக்கு (மென்ட்டி) வேலையில் வழிகாட்டும் ஏற்பாடு அது. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற கேள்விகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டன. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நெடுநாள் மென்ட்டராக இருந்து, பிறகு அந்தத் திட்டத்தையே நடத்தும் வேலையும் என் தலையில் விழுந்தது என்பதால், எனக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த மாதம் முழுக்க அந்தக் கடிதங்களும் என் பதில்களும்தான்.

சிறுசேரியில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஹெச்.ஆர். மெயில் வந்தது, பெயர் கொடுத்தேன், சீனியர் ஆர்க்கிடெக்ட் ஒருவரை மென்ட்டராகப் போட்டார்கள். இரண்டு முறை சந்தித்தோம். “எப்படிப் போகுது?” என்று கேட்கிறார். “நல்லா போகுது சார்” என்கிறேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த மீட்டிங்கை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. என்னதான் பேசுவது மேடம்?
*வாசகர், கேளம்பாக்கம்*

அவருக்கும் கலக்கிக்கொண்டுதான் இருக்கும், கவலைப்படாதீர்கள். பல கம்பெனிகளில் மென்ட்டருக்குச் சொல்லப்படுவது “மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்” என்பது மட்டும்தான். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாமோ பள்ளிக்கூடத்திலிருந்தே பெரியவர் பேசுவார், நாம் கைகட்டிக் கேட்போம் என்று வளர்ந்தவர்கள். இங்கே அது நடக்காது. பேசுவதற்கான விஷயத்தைக் கொண்டுவர வேண்டியவர் நீங்கள்.

விஷயம் என்றால் “கரியரில் எப்படி முன்னேறுவது சார்?” அல்ல. அதற்கு அவர் நாற்பது நிமிடம் தன் சொந்தக் கதையைச் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும், சீட்டுக்குத் திரும்பி வந்ததும் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் லேப்டாப்பில் இன்றைக்கு இருக்கும் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோங்கள். நீங்கள் எழுதிய புரோகிராம் கோடைப் பார்த்துச் சக ஊழியர்கள் எழுதிய ரிவ்யூ கமென்ட்டில் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று விளங்காத ஒன்று. அனுப்பலாமா வேண்டாமா என்று டிராஃப்டிலேயே கிடக்கும் ஒரு மெயில். மூன்று நாளில் முடியும் என்று எஸ்டிமேட் கொடுத்து எட்டு நாள் இழுத்த ஒரு வேலை.

என்னிடம் வந்த ஒரு பெண்ணும் ஆரம்பத்தில் உங்களைப் போலத்தான், “எல்லாம் ஓகே மேம்” என்பதோடு சரி. ஒருநாள் ஒரு பக்க அறிக்கையோடு வந்தார். முந்தைய வெள்ளிக்கிழமை இரவு பேமென்ட் பக்கம் படுத்துவிட்டது. அதற்கு அவர் ஆர்.சி.ஏ. எழுத வேண்டும். வெளியே இருக்கும் வாசகர்களுக்காக: கோளாறு ஏன் வந்தது, இனி வராமல் இருக்க என்ன செய்வோம் என்று மேலே அனுப்பும் அறிக்கை அது. காரணம் என்ற இடத்தில் “அதிக லோடு காரணமாக டேட்டாபேஸ் ஸ்லோவானது” என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியில் எங்கள் ஒரு மணி நேரமும் போய்விட்டது.

டேட்டாபேஸ்தான் ஸ்லோ என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கிராஃபைத் திறந்து காட்டினார். பார்த்தால் டேட்டாபேஸ் சர்வரின் சிபியு சும்மா கிடக்கிறது. அப்படியானால் ஸ்லோ என்று யார் சொன்னது? லாகில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்ற எர்ரர் வரிசையாக வந்திருக்கிறது, அதை வைத்து எழுதிவிட்டார். கனெக்‌ஷன் ஏன் கிடைக்கவில்லை? டேட்டாபேஸோடு பேசுவதற்காகத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பை பூல் என்போம்; அதில் இருந்தது இருபது. அந்த இருபதையும் யார் பிடித்து வைத்திருந்தார்கள்? அங்கேதான் விஷயம் சிக்கியது. எங்கள் புரோகிராம் கனெக்‌ஷனைக் கையில் பிடித்துக்கொண்டே, வெளியே இருக்கும் பேங்க் கேட்வேயின் (பணப் பரிமாற்றத்தை பேங்க்குக்கு எடுத்துச் செல்லும் அமைப்பு) பதிலுக்காகக் காத்திருக்கிறது. அன்றைக்கு கேட்வே மந்தம். இருபது பேர் அங்கே காத்து நின்றால் இருபத்தோராவது ஆள் உள்ளேயே வர முடியாது. டேட்டாபேஸ் பாவம், ஒன்றுமே செய்யவில்லை! தீர்வு என்ற இடத்தில் “டேட்டாபேஸ் சர்வரைப் பெரிதாக்க வேண்டும்” என்று எழுதியிருந்த வரியை அவரே அடித்துவிட்டார். அது நிறைவேறியிருந்தால் காசும் போயிருக்கும், கோளாறும் அப்படியே இருந்திருக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் விடை எதுவும் சொல்லவில்லை. அந்த சிஸ்டம் எனக்குத் தெரியவும் தெரியாது, நான் வேறு டீம். “எப்படித் தெரியும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டேன், அவ்வளவுதான். மென்ட்டர் செய்யக்கூடியது பெரும்பாலும் இதுதான். ஆனால் கேட்பதற்கு அவர் முன்னால் ஏதாவது இருக்க வேண்டுமே.

எனவே அடுத்த சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பு மூன்று வரி மெயில் ஒன்று போடுங்கள். “சார், இந்த ரிவ்யூ கமென்ட்டை இணைத்திருக்கிறேன். நான் செய்தது இது, அவர்கள் சொல்வது இது. எனக்கு இந்த இடம் பிடிபடவில்லை, வியாழக்கிழமை இதைப் பேசலாமா?” சந்திப்பு முடிந்த அன்றே இன்னொரு மெயில், என்ன செய்யப்போகிறீர்கள் என்று இரண்டே வரி. அடுத்த முறை அங்கிருந்து தொடங்குங்கள். “எப்படிப் போகுது?” தானாக ஒழிந்துவிடும்.

இன்னொன்று. இங்கே பேசுவது இங்கேயே இருக்குமா என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். நல்ல மென்ட்டர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். தப்பாக எடுத்துக்கொண்டால், அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்திதான்.

கோவையில் 120 பேர் வேலை செய்யும் புராடக்ட் கம்பெனி எங்களுடையது. மென்ட்டர்ஷிப் திட்டம் ஒன்று தொடங்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஹெச்.ஆர். பக்கம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கி எல்லோரையும் ஜோடி சேர்த்துவிடலாம் என்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?
*இன்ஜினியரிங் மேனேஜர், கோயம்புத்தூர்*

சாஃப்ட்வேரை இப்போதைக்கு வாங்காதீர்கள். 120 பேரில் முதல் சுற்றுக்குப் பத்து ஜோடி போதும். பத்து ஜோடிக்கு ஒரு எக்ஸெல் ஷீட் தாராளம்.

முதல் விதி, யாருக்கும் அவருடைய மேனேஜரோ மேனேஜரின் மேனேஜரோ மென்ட்டராக வரக்கூடாது. அப்ரைசலில் ரேட்டிங் போடுகிறவரிடம் “எனக்கு இது தெரியவில்லை” என்று எவரும் மனம் திறந்து சொல்ல மாட்டார்கள். முடிந்தவரை வேறு டீம், இரண்டு மூன்று படி மேலே இருப்பவர். ரொம்ப மேலே போய்விடாதீர்கள். ஃப்ரெஷருக்கு, தொழில்நுட்பத் தலைமை அதிகாரியான சி.டி.ஓ.வை மென்ட்டராகப் போட்டால் போட்டோ நன்றாக வரும், வேறொன்றும் வராது.

ஜோடி சேர்ப்பதில் எனக்குப் பிடித்த முறை சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தது. ஜாவாவை உருவாக்கி, 2010-ல் ஆரக்கிளின் கைக்குப் போன அதே நிறுவனம். 2000-களில் தன் இன்ஜினியர்களுக்காக ‘சீட்’ என்ற பெயரில் ஒரு திட்டம் நடத்தியது. யார் யார் மென்ட்டராக வேண்டும் என்று மென்ட்டியே வரிசைப்படுத்திப் பட்டியல் கொடுப்பார். நடத்துகிறவர்கள் அந்த வரிசைப்படி கேட்டுப் பார்ப்பார்கள். தானே தேர்ந்தெடுத்த ஆளிடம் போகும்போது நம் ஆட்கள் தயாராகத்தான் போகிறார்கள். உங்கள் அளவுக்கு இதுவே சரிவரும்.

இதே நிறுவனத்தின் பெயரில் சுற்றிவரும் ஒரு கணக்கையும் உங்கள் ஹெச்.ஆர். நிச்சயம் காட்டுவார்கள்: மென்ட்டிகளுக்கு மற்றவர்களைவிட ஐந்து மடங்கும், மென்ட்டர்களுக்கு ஆறு மடங்கும் அதிகமாகப் பதவி உயர்வு கிடைத்ததாக. அதைக் காட்டி நிதி வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தானாக முன்வந்து பெயர் கொடுக்கிறவர் எப்படியும் மேலே போகிற ஆளாகத்தான் இருப்பார் என்பதை மனதில் வையுங்கள். திட்டம் எவ்வளவு செய்தது, அந்த ஆள் எவ்வளவு செய்தார் என்று பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

காலம் ஆறு மாதம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவு தேதி இல்லாத திட்டம் மூன்றாம் மாதத்திலிருந்து “இந்த வாரம் ரிலீஸ், அடுத்த வாரம் பார்ப்போம்” என்று நீர்த்துப்போகும். முதல் சந்திப்பிலேயே இருவரும் சேர்ந்து அரைப் பக்கம் எழுதட்டும். எத்தனை நாளைக்கு ஒருமுறை சந்திப்பது, யார் தேதி குறிப்பது (மென்ட்டிதான்), எதைப் பேசுவது, எது வெளியே போகக்கூடாது. இரண்டாம் மாத முடிவில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். சரிவரவில்லை என்றால் ஏன் என்று குடையாமல் ஆளை மாற்றிக் கொடுங்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதிலேயே இரண்டு மூன்று இடம் தட்டிப்போகிறது, இதில் முதல் ஜோடியே அமைந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

மென்ட்டர்களுக்கு அரை நாள் பயிற்சி அவசியம். தொழில்நுட்பத்தில் புலியாக இருப்பவர்கள் பலருக்கு, எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருக்க வராது. அதே பயிற்சியில், பாலியல் தொந்தரவு பற்றி மென்ட்டி ஏதாவது சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மென்ட்டர் தானே பஞ்சாயத்து பண்ண உட்கார்ந்துவிடக் கூடாது.

கடைசியாக, எல்லாவற்றையும் கவிழ்க்கக்கூடிய ஒன்று, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்று பதியும் டைம்ஷீட். மென்ட்டருடைய ஒரு மணி நேரத்தைப் பதிய அதில் ஒரு கணக்கு எண் இல்லையென்றால், அது அவர் வீட்டு நேரத்திலிருந்துதான் வரும். இரண்டு மாதம் வரும், அப்புறம் வராது. அந்த எண்ணை வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நான் விழுப்புரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் கல்லூரியில் மென்ட்டர் என்றால் அட்டெண்டன்ஸ் கேட்கும் சார்தான். கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்று யூடியூபில் பார்த்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு அதெல்லாம் கிடைக்குமா அக்கா?
*மாணவர், விக்கிரவாண்டி*

கிடைக்கும் தம்பி. கல்லூரிப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்கும் விஷயமே அல்ல அது.

கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-ல் தொடங்கியது. பெயரில்தான் கூகுள்; நீங்கள் வேலை செய்வது டெபியன், கே.டி.ஈ., விக்கிமீடியா போன்ற ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் (சோர்ஸ் கோடை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்த மென்பொருள்) அமைப்புக்கு. மென்ட்டரும் அந்த அமைப்பின் ஆள்தான். 2022 முதல் மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 18 வயது நிரம்பிய, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர் எவரும் விண்ணப்பிக்கலாம். வேலை 90, 175, 350 மணி நேரம் என்று மூன்று அளவில் வரும். உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறும். எந்தெந்த அமைப்புகள் என்ற பட்டியல் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் மார்ச் வாக்கில்.

அவுட்ரீச்சி என்று இன்னொன்று இருக்கிறது. க்னோம் அமைப்பு பெண்களுக்காக ஆரம்பித்த திட்டத்திலிருந்து வளர்ந்தது. இப்போது தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கப்படுகிற, குறைவாக இடம்பெறுகிற எல்லோருக்குமானது. ஆண்டுக்கு இரண்டு சுற்று, மூன்று மாத வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், கடந்த சில ஆண்டுகளாக 7,000 டாலர். நீங்கள் படிக்கும் சூழலில் என்ன தடைகளைச் சந்தித்தீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். கூச்சப்படாமல், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டிய இடம் அது. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்.எஃப்.எக்ஸ். மென்ட்டர்ஷிப் ஆண்டுக்கு மூன்று சுற்று நடக்கிறது. குபர்னெட்டீஸ் மாதிரியான புராஜெக்ட்கள் அதில் வரும்.

சரி, எப்படி உள்ளே போவது? பட்டியல் வரும்வரை காத்திருந்தால் கூட்டத்தில் ஒருவராகிவிடுவீர்கள். இன்றைக்கு நீங்கள் பயன்படுத்தும் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சோர்ஸ் கோடை இறக்கி உங்கள் லேப்டாப்பில் பில்ட் செய்து (ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றி) ஓட வையுங்கள். பாதிப் பேர் இந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். பில்ட் செய்யும்போது விளக்கக் குறிப்பில் ஏதோ ஒரு வரி பழசாகியிருக்கும், சொன்னபடி ஓடாது. அதைத் திருத்தி அனுப்புங்கள், அதுதான் உங்கள் முதல் பங்களிப்பு. அடுத்து ஒரு சின்ன பக், அதாவது பிழையைத் திருத்துங்கள். அவுட்ரீச்சியில் விண்ணப்பக் காலத்திலேயே இப்படிப் பங்களித்தவர்களை மட்டும்தான் தேர்வுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மற்றதிலும் மென்ட்டர்களின் கண் இதில்தான் இருக்கும்.

“டியர் சார், உங்கள் புராஜெக்ட்டில் எனக்கு மிகுந்த ஆர்வம், தயவுசெய்து வழிகாட்டவும்” என்று மென்ட்டருக்குத் தனியாக மெயில் போடாதீர்கள். இதே மெயில் அவருக்கு மூட்டை மூட்டையாக வந்திருக்கும். எல்லோரும் பார்க்கும் பொதுச் சேனலில் கேளுங்கள்: “உங்கள் குறிப்பின்படி உபுண்டு 24.04-ல் பில்ட் செய்தேன். மூன்றாவது கட்டளையில் இந்த எர்ரர் வருகிறது. இதையும் இதையும் செய்து பார்த்துவிட்டேன்.” இப்படிக் கேட்டால் முகம் தெரியாத ஜெர்மனிக்காரரும் பத்து நிமிடத்தில் பதில் போடுவார். இங்கிலீஷ் தடுமாறினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். அவர்களில் பலருக்கும் அது தாய்மொழி அல்ல. விண்ணப்பத்தை ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுதி வாங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரே வாசனை அடிக்கும் பத்து விண்ணப்பங்களை அடுத்தடுத்துப் படிக்கிறவருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், மென்ட்டரைத் தேடி நீங்கள் கலிஃபோர்னியா வரை போக வேண்டியதே இல்லை. உங்கள் ஊரிலேயே விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு, வி.கிளக் என்பார்கள், கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்து வருகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு வார இறுதியில் இணையவழிக் கூட்டம் நடத்துகிறது, தமிழிலேயே பேசலாம். சென்னையில் ஐ.எல்.யு.ஜி.சி., சென்னைபை என்று பழைய குழுக்கள் இருக்கின்றன. அங்கே யாரும் “நான் உன் மென்ட்டர்” என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நாலு கூட்டத்துக்குப் போய், ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் ஏதாவது பேசிப் பாருங்கள். அதற்கப்புறம் உங்கள் கோடைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைப்பார். எக்ஸர்சிசம் என்ற தளத்திலும் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுத் தன்னார்வலர்களிடம் இலவசமாகத் திருத்தம் வாங்கலாம்.

லிங்க்ட்இனில் ஒருவர் ஆறு மாத “ஒன் டு ஒன் மென்ட்டர்ஷிப்”, வேலை உறுதி என்று 45,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?
*வாசகி, தஞ்சாவூர்*

வேண்டாம். மேலே மாணவருக்குச் சொன்ன மூன்று திட்டங்களும் உங்களுக்குக் காசு கொடுக்கின்றன, உங்களிடம் வாங்குவதில்லை. ஏ.டி.பி. லிஸ்ட் போன்ற தளங்களில் உலகம் முழுக்க ஆட்கள் இலவசமாகவே அரை மணி நேரம் பேசுகிறார்கள். காசு வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மாதக் கட்டணம் வாங்கும் நேர்மையான மென்ட்டர்களும் உண்டு. பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வேலை கொடுப்பது அந்தக் கம்பெனியின் இன்டர்வியூ எடுப்பவர் கையில் இருக்கும்போது, மூன்றாம் மனிதர் எப்படி உறுதி கொடுக்க முடியும்? மொத்தத் தொகையை முன்பணமாகக் கேட்பதும், “இன்றைக்குள் கட்டினால் தள்ளுபடி” என்பதும் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

என் மென்ட்டர் ஆண், வயது நாற்பதுக்கு மேல். வேலையில் உண்மையாகவே உதவுகிறார், தவறாக எதுவும் இல்லை. ஆனால் கேன்டீனில் இரண்டு முறை சேர்ந்து காபி குடித்ததற்கே டீமில் ஒரு மாதிரி பேசுகிறார்கள். விலகிவிடலாமா என்று தோன்றுகிறது. இன்னொரு சந்தேகமும் உண்டு. இவ்வளவு நல்லவர், என் புரொமோஷனுக்காக ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே?
*பெயர் வேண்டாம், பெருங்குடி*

விலகாதீர்கள். சீனியர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருக்கும் துறையில், பேச்சுக்குப் பயந்து பெண்கள் பெண் மென்ட்டருக்காகக் காத்திருந்தால் பாதிப் பேருக்கு மென்ட்டரே கிடைக்க மாட்டார். பேசுகிற வாய்க்குத் தீனி போடாமல் இருக்க ஒரு வழி உண்டு. சந்திப்பை ஆபீஸ் காலண்டரில் தலைப்போடு போடுங்கள், கண்ணாடிச் சுவர் வைத்த மீட்டிங் ரூமில், வேலை நேரத்தில். கையில் லேப்டாப், ஸ்கிரீனில் கோடு. இரண்டு மாதத்தில் கேன்டீனுக்கு வேறு கதை கிடைத்துவிடும். அப்படியும் ஒருவர் விடாமல் பேசினால், அது கிண்டல் கணக்கில் வராது, புகார்க் குழுவுக்குப் போகலாம்.

புரொமோஷன் வேறு கதை. மென்ட்டர் உங்களிடம் பேசுகிறவர். ரேட்டிங் முடிவு செய்ய மேனேஜர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும்போது உங்கள் பெயரை எடுத்து, “இந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள், நான் பொறுப்பு” என்று சொல்ல வேறொருவர் வேண்டும். ஸ்பான்சர் என்பார்கள். மென்ட்டர்ஷிப் திட்டம் பெரும்பாலும் அவரை நியமித்துத் தராது. உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்தான் அப்படிப் பேசுவார். உங்கள் மென்ட்டர் வேறு டீம் என்றால் அந்த அறையில் அவர் இருக்கவே மாட்டார். எனவே அவரிடம் கேட்க வேண்டியது, “எனக்காகப் பேசுங்கள்” அல்ல, “எங்கள் டீமில் யார் பேச்சு அங்கே எடுபடும், அவர் கண்ணில் என் வேலை படுவதற்கு எந்த புராஜெக்ட்டைக் கேட்டு வாங்கலாம்?” என்பது. இதற்கு அவரிடம் பதில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

எனக்கு 47 வயது, டெலிவரி மேனேஜர். ஏ.ஐ. கற்றுக்கொள்ள 25 வயதுப் பையன் ஒருவனை எனக்கு மென்ட்டராகப் போட்டிருக்கிறார்கள். அவன் என்னை “சார்” என்கிறான், நான் அவனிடம் பாடம் கேட்க வேண்டும். கூத்தாக இல்லையா?
*வாசகர், மடிப்பாக்கம்*

இந்தக் கூத்து 1999-லேயே அரங்கேறிவிட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் தலைவராக இருந்தபோது, இன்டர்நெட் கற்றுக்கொள்வதற்காக மேல்மட்ட அதிகாரிகளுக்கு இளம் ஊழியர்களை ஜோடி சேர்த்தார். தானும் ஒருவரிடம் உட்கார்ந்தார். உங்கள் தம்பி வாயால் விளக்கினால் உங்களுக்கு ஏறாது. உங்கள் வேலையிலேயே அலுப்பூட்டும் ஒன்றை, வாராந்தர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் மாதிரி, எடுத்து வைத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நீங்களே செய்து பாருங்கள். கீபோர்டு உங்கள் கையில் இருக்கட்டும். கிளையன்ட் தகவலை எந்த ஏ.ஐ. கருவியில் போடலாம், எதில் போடக்கூடாது என்று அவருக்கு நீங்கள் சொல்லிக் கொடுங்கள். 25 வயதில் அந்த பயம் இருக்காது. “அவன்” என்பதை மட்டும் அந்த ஒரு மணி நேரத்துக்கு “அவர்” ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வருடமாக மென்ட்டரிடம் பேசிவருகிறேன். இப்போது பேச ஒன்றுமில்லை. நிறுத்தினால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ?
*வாசகி, மதுரை*

ஆக மாட்டீர்கள். மென்ட்டர் உறவுகளை 1980-களில் ஆராய்ந்த கேத்தி கிராம் என்ற அமெரிக்கப் பேராசிரியை அதை நான்கு கட்டமாகப் பிரித்தார்: தொடங்குவது, வளர்வது, பிரிவது, பிறகு வேறு மாதிரியான உறவாக மாறுவது. பிரிவு அதில் மூன்றாவது கட்டம், விபத்து அல்ல. மெயிலைப் பார்த்தும் பார்க்காததுபோல் நழுவிவிடுவதுதான் தப்பு. ஒரு கடைசிச் சந்திப்பு வைத்து, அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள், என்ன ஆனது என்று சொல்லுங்கள். மென்ட்டர்களுக்கு இந்தத் தகவல் பெரும்பாலும் வந்து சேர்வதே இல்லை. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, வேலை மாறினால் ஒரு போன், போதும்.

நான் மென்ட்டர் பக்கம். வருகிற எல்லோரும் இரண்டாவது சந்திப்பிலேயே “உங்கள் கம்பெனியில் ரெஃபரல் கொடுங்கள் சார்”, அதாவது வேலைக்குச் சிபாரிசு செய்யுங்கள் என்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.
*வாசகர், பெங்களூரு*

எரிச்சல் நியாயம்தான், ஆனால் அவர்கள் கேட்பதிலும் குற்றமில்லை. வேலை இல்லாதவர் வேலையைத்தான் கேட்பார். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: “நான் வேலையைக் கண்ணால் பார்த்தவருக்கு மட்டும்தான் ரெஃபரல் கொடுப்பேன். இன்னும் மூன்று சந்திப்பில் உங்கள் வேலையைக் காட்டுங்கள்.” பிறகு ரெஸ்யூமேயை வாங்கி அதில் ஒரே ஒரு வரியைத் தொட்டு, “இதை எப்படிச் செய்தீர்கள், கோடைத் திறந்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். காட்ட முடிந்தவருக்குத் தயங்காமல் கொடுங்கள். காட்ட முடியாதவர் அந்த வரியை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடட்டும். இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வதைவிட உங்களிடம் மாட்டிக்கொள்வது அவருக்கு மலிவு.